கூடாரத்தில் பிறந்த சபை

தென்கொரியாவின் தலைநகரான சியோலை ஊடறுத்துப் பாயும் ஹான் நதியில் யொய்டோ என்றொரு தீவு உண்டு. ஒரு காலத்தில் அது மாரி வெள்ளம் மேவிப் போகும் வெறும் மணல்திட்டாகக் கிடந்தது. 1916இல் ஜப்பானிய ஆட்சியாளர் அங்கே விமான ஓடுதளம் ஒன்றை அமைத்தனர். 1970களின் தொடக்கத்தில் அவ்விடம் பரந்த திடலாக மாற்றப்பட்டது. கத்தோலிக்கராகிய நாம் அத்திடலை மறந்துவிட முடியாது. 1984 மே 6ஆம் திகதி பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பல இலட்சம் மக்கள் சூழ நின்று, 103 வேதசாட்சிகளைப் புனிதர்களாகப் பிரகடனம் செய்தது அங்கேதான். உரோமாபுரிக்கு வெளியே இத்தகைய திருச்சடங்கு நடைபெறுவது அக்காலத்தில் மிக அபூர்வமான நிகழ்வாகும்.

அதே தீவில், பாராளுமன்றக் கட்டடத்துக்கு அருகில், இன்னொரு மாபெரும் ஆலயம் நிற்கின்றது. யொய்டோ பூரண சுவிசேஷ சபை என்பது அதன் பெயர். உலகின் மிகப் பெரிய தனிச்சபை என்று 1993இல் கின்னஸ் சாதனை நூலில் இடம்பெற்ற பெந்தகோஸ்துச் சபை அது. அப்பொழுது அதன் அங்கத்தவர் தொகை ஏழு இலட்சம்.

பெந்தகோஸ்துச் சபை என்றதும் எமது குடும்பங்கள் பலவற்றில் ஒரு நெருடல் தோன்றுவது இயல்பு. திருப்பலிக்கு எம்முடன் வந்த உறவினர் ஒருவர் திடீரென வேறொரு மண்டபத்துக்குச் செல்லத் தொடங்கியிருப்பார். வீட்டில் செபமாலை சொல்லும் நேரத்தில் ஓர் இடம் வெறுமையாகும். பேச்சு வார்த்தை தடித்து, நத்தார் நாளிலும் முகம் பாராத நிலைக்கு உறவு வந்திருக்கும். "ஏன் போனார்கள்?" என்ற கேள்வியை நாம் கோபத்தோடு பலமுறை கேட்டிருக்கின்றோம். பதிலை அறியும் ஆவலோடு கேட்டது குறைவு. கடல் கடந்த தேசமொன்றில் எழுந்த இச்சபையின் வரலாற்றை இங்கு எடுத்துரைப்பது, அக்கேள்வியைச் சற்று அமைதியாகக் கேட்டுப் பார்ப்பதற்காகவே.

போர் முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்திருந்த காலம் அது. 1950 முதல் 1953 வரை நடந்த கொரிய யுத்தம் நாட்டை இரண்டாகப் பிளந்து, நகரங்களைச் சாம்பலாக்கியிருந்தது. வடக்கிலிருந்து ஓடி வந்த மக்கள் சியோலின் ஓரங்களில் பலகையாலும் தகரத்தாலும் குடிசை கட்டி வாழ்ந்தனர். நகரின் மேற்குப் புறத்தே இருந்த டெஜோ-டோங் அத்தகைய ஏழ்மைப் பகுதிகளுள் ஒன்று. 1958 மே 18ஆம் திகதி, அங்கே ஒரு பெண்மணியின் வீட்டில் முதல் ஆராதனை நடைபெற்றது. கூடியிருந்தவர்கள் ஐந்தே பேர்.

அந்தப் பெண்மணியின் பெயர் சோய் ஜா-ஷில். 1915இல் பிறந்து தாதியாகப் பயிற்சி பெற்றவர். வியாபாரமும் செய்தவர். குடும்பத்தில் அடுத்தடுத்து நேர்ந்த மரணங்களும் வியாபாரத்தின் வீழ்ச்சியும் அவரை நிலைகுலையச் செய்தன. உயிரை விட்டுவிடும் எண்ணத்தோடு மலையேறியவர், அங்கு நடந்த செபக் கூட்டமொன்றில் மனம் மாறி, நாற்பது வயதுக்கு மேல் வேதாகமக் கல்லூரியில் மாணவியாகச் சேர்ந்தார். அங்கே அவருடன் படித்தவர், மகன் வயதுடைய யொங்கி சோ என்னும் இளைஞர். பௌத்த குடும்பத்தில் 1936இல் பிறந்த சோ, பதின்ம வயதில் சயரோகத்தால் பீடிக்கப்பட்டு, வைத்தியர்கள் கைவிட்ட நிலையில் கிடந்தவர். பாடசாலை மாணவி ஒருத்தி வேதாகமத்துடன் தம்மைத் தேடி வந்து, தாம் விரட்டிய பின்னரும் மீண்டும் மீண்டும் வந்து செபித்ததாலேயே கிறிஸ்துவை அறிந்ததாக அவர் பின்னாளில் சாட்சி கூறுவதுண்டு. கல்லூரியிலும் கடும் நோயுற்ற அவரைத் தாயைப் போல் பராமரித்தவர் சோய் அம்மையார். 1965இல் அவருடைய மகளையே சோ மணம் முடித்தார்.

இந்தப் பெரிய சபையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சோவைப் பற்றியே எழுதுகின்றனர். அடித்தளம் இட்ட கரங்களுள் ஒன்று ஒரு தாயின் கோலத்தில் வீடு வீடாகச் சென்று நோயாளருக்குக் கஞ்சி வார்த்த கரம் என்பது பல வேளைகளில் அடிக்குறிப்பாகிவிடுகின்றது. எமது பங்குகளின் வரலாறுகளிலும் இப்படித்தான் நேர்கின்றது என்பதை வாசகர்கள் அறிவீர்கள்.

வீடு போதாமற்போனபோது, அமெரிக்கப் படையினர் பயன்படுத்திக் கழித்த பழைய கூடாரம் ஒன்று முற்றத்தில் எழுந்தது. மழையில் ஒழுகியது, காற்றில் கிழிந்தது, தரையில் வைக்கோற் பாய் விரித்து மக்கள் அமர்ந்தனர். வந்தவர்கள் குடிநோயாளிகள், பக்கவாதத்தால் வீழ்ந்தவர்கள், சயரோகிகள், கணவரைப் போரில் இழந்தவர்கள். அவர்களுக்கு நரகத்தைப் பற்றிப் பிரசங்கிக்க முயன்றபோது, நாங்கள் இப்பொழுதே அங்குதான் இருக்கின்றோம் என்ற பொருள்பட அவர்கள் பார்த்த பார்வையே தமது போதனையை மாற்றியது என்பது சோ கூறிய செய்தி. ஆன்மாவுக்கு மீட்பு, உடலுக்குச் சுகம், வாழ்வுக்கு வளம் என்று மூன்றையும் ஒரு முடிச்சாகக் கட்டி அவர் போதிக்கத் தொடங்கியது அக்கூடாரத்தில்தான். அருளப்பரின் மூன்றாம் நிருபத்தின் இரண்டாம் வசனத்தை அதற்கு ஆதாரமாகக் கொண்டார். அப்போதனையின் நிறைகுறைகளுக்குப் பின்னர் வருவோம்.

கொரியாவுக்குப் பெந்தகோஸ்து அனுபவம் புதிதல்ல. 1906இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில், அசூசா வீதியில், அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்த வில்லியம் சீமோர் என்னும் கறுப்பினப் போதகர் தலைமையில் மூண்ட எழுப்புதலே இவ்வியக்கத்தின் ஊற்றுக்களுள் முதன்மையானது. அந்த அனுபவத்தைப் பெற்ற மேரி ரம்சி என்னும் பெண் மிஷனரி 1928இல் கொரியா வந்தார். அதற்கு முன்னரே, 1907இல், பியொங்யாங் நகரிலே புரட்டஸ்தாந்து சபைகளிடையே பெரும் மனந்திரும்புதல் நிகழ்ந்திருந்தது. விடியற்காலை செபமும், அனைவரும் ஒரே நேரத்தில் உரத்த குரலில் மன்றாடும் வழக்கமும் கொரியச் சபைகளில் வேரூன்றிய காலம் அது. "ஜு-யோ", அதாவது "ஆண்டவரே" என்று மும்முறை கூவி, பல்லாயிரம் பேர் ஒருமித்துக் குரலெழுப்பிச் செபிக்கும் காட்சியை இன்றும் யொய்டோவில் காணலாம். மேடையில் மணி ஒலித்ததும் அத்தனை பேரும் அடங்கிவிடுவர். மௌனத்தில் செபித்துப் பழகிய எமக்கு அது இரைச்சலாகத் தோன்றலாம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் மெதுவாக அழுவதில்லை என்பதையும் நாம் அறிவோம்.

1961இல் சபை நகரின் மையப் பகுதிக்கு அண்மையிலுள்ள சோடேமுன் என்னுமிடத்துக்குப் பெயர்ந்தது. மக்கள் பெருகினர், போதகர் தேய்ந்தார். திருமுழுக்கு, திருமணம், மரணச் சடங்கு, நோயாளர் சந்திப்பு, நள்ளிரவுச் செபம் என அனைத்தையும் தாமே சுமந்த சோ, 1964இல் ஆராதனை வேளையிலேயே மயங்கி வீழ்ந்தார். நீண்ட காலம் படுக்கையில் இருக்க நேர்ந்தது. அப்போதுதான் யாத்திராகமம் 18ஆம் அதிகாரம் அவர் கண்ணிற்பட்டது. காலை முதல் மாலை வரை மக்களின் வழக்குகளைத் தனியே கேட்டுக் களைத்துப்போன மோயீசனுக்கு, மாமனார் எத்திரோ கூறிய ஆலோசனை அங்குள்ளது: பொறுப்பைப் பகிர்ந்துகொள், ஆயிரவர், நூற்றுவர், ஐம்பதின்மர், பதின்மர் என்று தலைவர்களை ஏற்படுத்து. சபையை வீடுகளில் கூடும் சிறு குழுக்களாகப் பிரிக்கச் சோ தீர்மானித்தார்.

சபையின் மூப்பர்களாயிருந்த ஆண்கள் தயங்கினர். தமக்கு நேரமில்லை, பயிற்சியில்லை, அதற்குத்தானே உமக்குச் சம்பளம் தருகின்றோம் என்ற தொனியில் பதில் வந்தது. (இந்தப் பதில் கொரிய மொழியில் மாத்திரம் சொல்லப்படுவது என்று எவரும் எண்ண வேண்டாம்.) ஆகவே பெண்களிடம் அப்பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. கொன்பூசியஸ் மரபில் ஊறிய சமூகம் அது. பெண் ஒருத்தி ஆண்களுக்கு முன் எழுந்து போதிப்பது அக்காலத்தில் எண்ணிப்பார்க்க முடியாத காரியம். எனினும் சந்தையில் மரக்கறி விற்றவர்களும் தையல் வேலை செய்தவர்களும் அயலவரைத் தம் வீட்டுக்கு அழைத்து, வேதாகமம் வாசித்து, செபித்து, ஒரு கோப்பைத் தேநீர் அருந்தும் குழுக்களின் தலைவியரானார்கள். குழு பத்துக் குடும்பங்களுக்கு மேல் வளர்ந்தால் இரண்டாகப் பிரியும். மாடிக் குடியிருப்பு ஒன்றில் புதிதாகக் குடிவந்தவருக்குப் பொருள் சுமக்கக் கைகொடுப்பதும், நோயுற்றவருக்குச் சோறு கொண்டு செல்வதும், வேலையிழந்தவருக்கு வேலை தேடிக் கொடுப்பதும் அக்குழுவின் அன்றாடப் பணிகள். இலட்சம் பேரைக் கொண்ட சபையில் ஒருவர் இரண்டு வாரம் வரவில்லையென்றால் அது போதகருக்குத் தெரியாது. மூன்றாம் மாடியிலுள்ள தலைவிக்குத் தெரிந்துவிடும். இச்சபையின் வளர்ச்சி பற்றி ஆராய்ந்தோர் யாவரும் முதலில் சுட்டுவது இந்த ஏற்பாட்டையே.

அதே 1964ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கத்தை வெளியிட்டு, பொதுநிலையினரின் அழைப்பையும் பணியையும் விரிவாக எடுத்துரைத்தது. ஆவணம் எம்மிடம் இருந்தது. அதை வீட்டு வாசல்வரை கொண்டுபோகும் வேகத்தில்தான் பல இடங்களில் நாம் பின்தங்கினோம் என்பது என் எண்ணம். கொரியக் கத்தோலிக்கத் திருச்சபையே பொதுநிலையினரால் தோன்றியது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. 1784இல் யி சுங்-ஹுன் என்னும் அறிஞர் பீக்கிங் நகரில் திருமுழுக்குப் பெற்றுத் திரும்பி, குருவானவர் எவரும் இல்லாத நாட்டில் தம் நண்பர்களுக்குத் திருமுழுக்கு வழங்கினார். அவர்களுடைய வழித்தோன்றல்களே யொய்டோ திடலில் புனிதர்களாக உயர்த்தப்பட்டோர். அவர்களுள் முதற் கொரியக் குருவான அந்திரேயா கிம் டே-கொன் 1846இல் சிரச்சேதம் செய்யப்பட்டது இதே ஹான் நதிக் கரையில்தான்.

1969இல், மனித நடமாட்டம் குறைந்திருந்த யொய்டோத் தீவில் பத்தாயிரம் பேர் அமரக்கூடிய ஆலயத்துக்கான வேலைகள் ஆரம்பமாயின. நாணயப் பெறுமதி வீழ்ந்தது. பொருள்களின் விலை ஏறியது. கடன் சுமை அழுத்தியது. சோவின் குடும்பம் முடிவடையாத கட்டடத்தில் குளிரில் வசித்தது. ஏழை மூதாட்டி ஒருவர் தம்மிடமிருந்த ஒரே சோற்றுக் கிண்ணத்தையும் உணவுக் குச்சிகளையும் காணிக்கையாகக் கொண்டுவந்து வைத்ததையும், அதைக் கண்டு மற்றவர்கள் தம் வீடுகளையும் நகைகளையும் கொடுக்க முன்வந்ததையும் சோ பல நாடுகளில் கண்ணீருடன் விபரித்தார். 1973இல் ஆலயம் அபிஷேகம் செய்யப்பட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம், அத்தீவின் திடலில் பில்லி கிரஹாம் நடத்திய நற்செய்திக் கூட்டத்தின் இறுதி நாளில் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் திரண்டனர்.

கட்டட நெருக்கடியின் அக்காலத்திலேதான் சோய் அம்மையார் சியோலுக்கு வடக்கே, யுத்த நிறுத்தக் கோட்டிலிருந்து அதிக தூரமில்லாத பஜு பகுதியில், சபைக்குச் சொந்தமான சேமக்காலைக் காணிக்குச் சென்று உபவாசமிருந்து செபிக்கத் தொடங்கினார். ஒசன்ரி செபமலை அவ்வாறு உருவானது. மலைச்சரிவில் ஒருவர் மட்டும் முழந்தாளிடக்கூடிய சிறு செப அறைகள் வரிசையாக அமைக்கப்பட்டுள்ளன. உள்ளே ஒரு பாய், ஒரு சிறு சிலுவை, அதற்குமேல் எதுவுமில்லை. மூன்று நாள், ஒரு வாரம், சிலர் நாற்பது நாள் என்று உண்ணா நோன்பிருக்க வருகின்றனர். பரீட்சை எழுதும் பிள்ளைகளின் தாய்மார், வியாபாரத்தில் நொடித்தவர்கள், புற்றுநோயாளர், விவாகரத்தின் விளிம்பில் நிற்போர் என்று அங்கு கூடுபவர்களின் முகங்கள் எமது திருத்தலங்களில் நாம் காணும் முகங்களை ஒத்தவை. சோய் அம்மையார் 1989இல் காலமானார். செபமலை இன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

1979இல் ஓர் இலட்சம், 1981இல் இரண்டு இலட்சம் என்று அங்கத்தவர் தொகை பெருகியது. ஞாயிறன்று காலை தொடக்கம் மாலை வரை ஏழு ஆராதனைகள். பிற நாட்டவர்க்கு உடனுக்குடன் மொழிபெயர்ப்பு. இடமில்லாதோருக்கு அயல் மண்டபங்களில் திரை. எண்களின் கதையை இத்துடன் நிறுத்திக்கொள்வோம். எண்களை ஆராதிக்கும் ஆபத்து அச்சபைக்கும் நேர்ந்தது. அதைக் கண்டு பொறாமைப்படும் ஆபத்து எமக்கும் நேரும்.

சமூகப் பணிகளைப் பார்ப்போம். 1984 முதல், பிறவியிலேயே இருதய நோயுள்ள ஏழைச் சிறுவர்களுக்கான சத்திரசிகிச்சைச் செலவைச் சபை ஏற்றது. இவ்வாறு உயிர் பெற்ற பிள்ளைகளின் தொகை நான்காயிரத்துக்கும் அதிகம். சியோலுக்குத் தெற்கேயுள்ள குன்போ நகரில் எலிம் நலன்புரிக் குடியிருப்பு உருவானது. உற்றார் உறவினரற்ற முதியோருக்கு அங்கே வாழிடமும், வசதியற்ற இளைஞருக்குத் தொழிற்பயிற்சியும் வழங்கப்பட்டன. 1988இல் 'குக்மின் இல்போ' என்னும் நாளிதழை ஆரம்பித்தனர். 1999இல் 'குட் பீப்பிள்' என்ற உதவி நிறுவனம் தோன்றி, அனர்த்தங்கள் நேர்ந்த பல நாடுகளில் பணியாற்றியது. பிள்ளைப்பேறு வேகமாகக் குறைந்துவரும் கொரியாவில், 2012 முதல் தமது சபைக் குடும்பங்களில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஊக்கத்தொகையும் வழங்கலாயினர்.

இவற்றுள் என் மனதைத் தொட்டது வேறொன்று. 2014 ஏப்ரல் 16ஆம் திகதி 'செவோல்' என்ற பயணிகள் கப்பல் கடலில் மூழ்கி 304 பேர் மாண்டனர். அவர்களில் 250 பேர் அன்சான் நகரின் ஒரே பாடசாலையைச் சேர்ந்த மாணவர்கள். ஊர் முழுவதும் சாவு வீடாயிற்று. எவரும் சந்தைக்குப் போகவில்லை. சிறு வியாபாரிகளின் பிழைப்பும் கெட்டது. யொய்டோ சபையார் பஸ்களில் நூற்றுக்கணக்கில் அன்சானுக்குச் சென்று, அங்குள்ள பழைய சந்தையில் அரிசியும் மரக்கறியும் மீனும் வாங்கினார்கள். ஒரு தடவையுடன் நின்றுவிடாது, பின்னரும் சென்றார்கள். பிரசங்க மேடை எதுவும் அங்கு தேவைப்படவில்லை. துக்கம் விசாரிக்கச் செல்பவர் கைப்பையுடன் சென்று கடைக்காரரிடம் பேரம் பேசாமல் பொருள் வாங்கி வருவதும் ஓர் ஆறுதல்தான்.

இனி, மறைக்கக் கூடாத பக்கம். ஆன்மா, உடல், வாழ்வு என்ற மும்மடங்கு ஆசீர்வாதப் போதனை, பட்டினி கிடந்தவனுக்கு எழுந்து நிற்கும் துணிவைக் கொடுத்தது. நாடு செல்வமடைந்த பின்னர் அதே போதனை, செல்வமே விசுவாசத்தின் அளவுகோல் என்று கொள்ளப்படும் நிலைக்கு இடமளித்தது. சிலுவைக்கு அதில் எவ்வளவு இடம் என்று கொரியப் புரட்டஸ்தாந்தினரே கேட்டனர். 1983இல் அந்நாட்டின் பெரிய பிரெஸ்பிற்றேரியன் சபைப் பிரிவொன்று சோவின் போதனையைத் தவறானதென அறிவித்து, 1994இல்தான் அம்முடிவை நீக்கியது. கொரிய மக்களின் பழைய ஆவி வழிபாட்டு மரபு கிறிஸ்தவ உடை அணிந்து வந்துவிட்டதோ என்று வினவிய அறிஞரும் உளர்.

அதைவிடப் பெரிய வீழ்ச்சி பணத்தால் வந்தது. மகனுடைய நிறுவனப் பங்குகளைச் சந்தை விலையிலும் பன்மடங்கு கூட்டிச் சபைப் பணத்தில் வாங்கச் செய்து, ஏறத்தாழ 1300 கோடி வொன் நட்டத்தை ஏற்படுத்தியதாக 2014 பெப்ரவரியில் சியோல் நீதிமன்றம் சோவைக் குற்றவாளியாகக் கண்டது. சிறைத்தண்டனை ஒத்திவைக்கப்பட்டது, மகன் சிறை சென்றார். மேன்முறையீட்டில் தண்டனை குறைந்தபோதிலும், 2017இல் உயர் நீதிமன்றமும் குற்றத்தை உறுதிசெய்தது. வழக்குக்கு வழிவகுத்தவர்கள் வெளியாரல்லர், சபையின் மூப்பர்களே. ஐந்து பேருடன் தொடங்கிய கூடாரத்தை நினைவில் வைத்திருந்த முதியவர்களுக்கு அந்நாட்கள் எவ்வளவு வேதனையாயிருந்திருக்கும்! எமது திருச்சபையும் அண்மைக் காலத்தில் தன் பணியாளர் சிலரின் பாவங்களால் தலைகுனிந்து நின்றதால், இதைக் கண்டு விரல் நீட்டும் தகுதி எமக்கில்லை.

சோ 2008இல் பொறுப்பை லீ யொங்-ஹுன் என்ற போதகரிடம் ஒப்படைத்திருந்தார். பிள்ளையிடமோ மருமகனிடமோ சபையைக் கொடுக்கும் வழக்கம் கொரியாவின் பெருஞ்சபைகள் பலவற்றில் சர்ச்சைக்குள்ளாகிய வேளையில், தலைமை குடும்பத்துக்கு வெளியே சென்றது குறிப்பிடத்தக்கது. 2010இல், நகரின் பல பாகங்களிலும் இருந்த ஏறத்தாழ இருபது கிளை ஆலயங்கள் தனிச்சபைகளாகப் பிரிந்து செல்ல அனுமதிக்கப்பட்டன. அதனால் தாய்ச்சபையின் எண்ணிக்கை இலட்சக்கணக்கில் குறைந்தது.

கத்தோலிக்கருக்கும் பெந்தகோஸ்தினருக்கும் இடையே 1972 முதல் உரோமையின் அங்கீகாரத்துடன் இறையியல் கலந்துரையாடல் நடைபெற்று வருகின்றது. 1967இல் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரிலுள்ள டுகேன் பல்கலைக்கழக மாணவரிடையே தோன்றிய அருங்கொடை இயக்கம் எமது பங்குகளுக்கும் வந்து சேர்ந்துள்ளது. 2014 ஜூலை 28ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் இத்தாலியின் கசேர்த்தா நகரில் ஒரு பெந்தகோஸ்துச் சபைக்கு நேரில் சென்று, பாசிச ஆட்சிக் காலத்தில் அவர்களைத் துன்புறுத்தத் துணைபோன கத்தோலிக்கரின் சார்பில் மன்னிப்பு வேண்டினார். வேறுபாடுகள் மறைந்துவிடவில்லை. நற்கருணையும் திருவருட்சாதனங்களும் அன்னை மரியாளின் மேன்மையும் எமக்கு அற்ப காரியங்களல்ல. எனினும் ஒரு மேசையில் அமர்ந்து பேசமுடிகின்றது.

சோ 2021 செப்ரெம்பர் 14ஆம் திகதி, 85ஆவது வயதில் காலமானார். அவர் விட்டுச் சென்ற வேலைகளில் ஒன்று வட கொரியாவில் கிடக்கின்றது. சியோலில் பிள்ளைகளின் இருதயங்களைக் குணமாக்கிய சபை, எல்லைக்கு அப்பாலுள்ள பிள்ளைகளுக்காகவும் பியொங்யாங் நகரில் இருதய நோய் வைத்தியசாலை ஒன்றைக் கட்ட 2007 டிசெம்பரில் அடிக்கல் நாட்டியது. 260 கட்டில்கள் கொண்டதாகத் திட்டமிடப்பட்ட அக்கட்டடம் மெல்ல எழுந்துகொண்டிருந்தது. 2010 மார்ச்சில் தென்கொரியப் போர்க்கப்பலான 'சொனான்' மூழ்கடிக்கப்பட்டதைத் தொடர்ந்து இரு நாடுகளுக்கும் இடையிலான தொடர்புகள் துண்டிக்கப்பட, கட்டட வேலைகளும் நின்றன. சோய் அம்மையார் வடக்கில் பிறந்தவர். அவருடைய ஊருக்குப் போகும் பாதை அவர் தெற்கே வந்த நாள் முதல் மூடியே இருந்தது. சோ கண்மூடிய நாளிலும் அந்த வைத்தியசாலை நோயாளர் எவரும் இன்றி, முடிவடையாத கட்டடமாகவே நின்றது.